இலவச இசை மாலைக்கு யாழ் நகரில் எந்த இடம்?

மாசி, பங்குனி மாதங்களில் யாழ்ப்பாண நகருக்குள் மூன்று மாலைகள், கட்டணம் எதுவுமின்றி, மண்டபத்துக்கு வெளியே இசை நிகழ்ச்சி நடத்துவதென்று எங்களில் சிலர் கூடித் தீர்மானித்தோம். யார் பாடுவது, யார் வாசிப்பது என்பவை ஒரே இருப்பில் முடிந்துவிட்டன. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் படித்துத் தேறியவர்களும், சேர் பொன். இராமநாதன் பெயரால் 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இசைக் கல்லூரியின் வழியில் இன்று பல்கலைக்கழகப் பட்டம் பெறுபவர்களும் நிறைந்த ஊரில் கலைஞருக்குப் பஞ்சமில்லை. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், ஒரு தேவாலயப் பாடகர் குழு, ஈழத்துப் பொப் பாடல்களைக் கிற்றாரோடு பாடும் மூன்று இளைஞர்கள் என்று பட்டியல் தயாரானது. எங்கே நடத்துவது என்ற கேள்விதான் மூன்று கூட்டங்களாக இழுபட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் மாலை வேளையில் போய் நின்று, கைதட்டி எதிரொலி கேட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, கடைசி மினி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சேர்த்த குறிப்புகளையும், அவற்றிலிருந்து நான் வந்தடைந்த முடிவையும் இங்கே தருகிறேன். சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதே தீர்மானத்தை எடுக்க நேரும்போது இவை பயன்படக்கூடும்.

இலவசமாகத் திறந்தவெளியில் இசை கேட்பது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதன்று. கோயில் வீதி மணலில் பாய் விரித்து, விடியும்வரை மேளச் சமா கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. திருவிழாவில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் கேட்க யாரும் ரிக்கற் வாங்கியதில்லை. ஆனால் கோயில் வீதி கோயிலுடையது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்துக்காக 1968இல் மாவிட்டபுரத்தில் போராட வேண்டியிருந்த ஊர் இது என்பதையும், வேறு சமயத்தவர் ஒருவர் வீதி ஓரத்தில் நின்று கேட்பதற்கும் நடுவே வந்து உட்காருவதற்கும் இடையில் இன்றும் ஒரு தயக்கம் இருப்பதையும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மண்டபத்துக்குள் போனால் தயக்கம் வேறு வகையானது: அழைப்பிதழ், அதற்கேற்ற உடுப்பு, முன்வரிசைக் கதிரை, பொன்னாடை, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. பாட்டுத் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உரை கேட்கப் பழகியவர்களே அங்கே வருகிறார்கள். நாங்கள் தேடியது, தனியொரு தரப்புக்கு உரியதல்லாத, அதனால் சந்தைப் பையோடு போகிற ஒருவரும் கூச்சமின்றி நின்றுவிடக்கூடிய இடத்தை.

நகரத்தின் எதிர்பாராத மூலைகளில் இலவசமாக இசை நடத்துவது பல நாடுகளில் பழகிப்போன ஏற்பாடு. பிரான்சில் 1982 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று தெருக்களும் முற்றங்களும் மேடையாகின்றன. நியூயோர்க்கின் நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களில் 1985 முதல், கலைஞர்களைத் தெரிவுசெய்து, இடமும் நேரமும் ஒதுக்கி வாசிக்க விடுகிறார்கள். நமக்கு நெருக்கமான முன்மாதிரிகள் சென்னையில் இருக்கின்றன. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒலிவாங்கி இல்லாமல் நடத்தப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் ஒன்று. பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவே, கர்நாடக இசையையும் நாட்டார் கலைகளையும் ஒருசேர மேடையேற்றிய விழா மற்றொன்று. முதலாவதில் ஒலிவாங்கி இல்லாததால் கேட்பவர்கள் சிறு கூட்டமாக நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் கடலும் சனமும் இரைவதால் ஒலிபெருக்கி இல்லாமல் முடியாது. இடமும் இசையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆனால் எங்கள் குழுவில் சிலர் முதலில் ஓர் அழகான இடத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு நிகழ்ச்சியை அதற்குள் திணிக்கப் பார்த்தார்கள். அதனால்தான் மூன்று கூட்டங்கள் வீணாயின என்பது என் எண்ணம்.

திறந்தவெளியில் ஒலிக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. ஐந்து மீற்றரில் இருப்பவர் கேட்கிற வீணையில் இருபது மீற்றரில் இருப்பவருக்கு 12 டெசிபெல் போய்விடும், மிச்சத்தை ஒரு மோட்டார் சைக்கிள் விழுங்கிவிடும். கோயில் வீதிக்கென்றே வளர்ந்த நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இந்தக் கவலை இல்லை. வீணைக்கும் வயலினுக்கும் உண்டு. சுவர் இருந்தால் உதவும் என்று நினைக்கலாம். சுவர் அருகில் இருந்தால் உதவும். தள்ளி இருந்தால் கெடுக்கும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 345 மீற்றர் செல்கிறது என்று வைத்தால், 35 மீற்றர் தள்ளியுள்ள மதிலில் பட்டுத் திரும்பிவர விநாடியில் ஐந்திலொரு பங்கு எடுக்கும். விநாடிக்கு எட்டுச் சொல், அதாவது எட்டு அடி, விழும் வேகத்தில் மிருதங்கம் போய்க்கொண்டிருக்கும்போது அந்த எதிரொலி இரண்டு சொற்களுக்கு நடுவே வந்து விழுந்து, தாளம் தெரியாதவருக்குக்கூட ஏதோ இடிக்கிறது என்று தோன்றச் செய்யும். இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நடுவே நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டி, தட்டு ஒன்றாகக் கேட்கிறதா இரண்டாகக் கேட்கிறதா என்று கவனித்தால் போதும்.

முற்றவெளியை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். பெரிய இடம், எல்லோருக்கும் தெரிந்த இடம், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரம் என்பவை அதன் பலம்; அந்தப் பெருமைதான் அதன் குறையும். நூறு பேர் வந்து உட்கார்ந்தால் ஆளில்லாத நிகழ்ச்சி போலத் தெரியும். பத்தாயிரம் பேர் வந்தால் அதைத் தாங்க எங்களைப் போன்ற குழுவால் இயலாது. 2024 பெப்ரவரியில் அங்கே நடந்த பெரிய இசை நிகழ்ச்சியொன்றில் சனம் தடுப்பு வேலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைப்பக்கம் பாய்ந்ததும், நிகழ்ச்சியை இடைநிறுத்த வேண்டி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கும் அப்பால், 1974 ஜனவரி 10 அன்று, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்வில் பொலிஸ் தாக்குதலின்போது மின்கம்பி அறுந்து உயிரிழந்தவர்களின் நினைவுத்தூண் அந்த வெளியில் நிற்கிறது. கூட்டம், மேடை, மேலே ஓடும் மின்கம்பி ஆகிய மூன்றையும் ஒருசேர யோசிக்காமல் முற்றவெளியில் எவரும் நிகழ்ச்சி வைக்கக்கூடாது.

கோட்டையைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிகம் வாதாடினோம். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியதை, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் மீளக் கட்டினார்கள். முருகைக்கல் மதில்களும் அகழியும் இன்று பெரும்பகுதி திருத்தப்பட்டு, மாலையானால் சனம் மதில்மேல் ஏறிக் கடல்நீரேரியில் சூரியன் விழுவதைப் பார்க்கிறது. உள்ளே 1706இல் கட்டப்பட்ட தேவாலயம் போரில் அழிந்து கற்குவியலாகக் கிடக்கிறது. அந்தக் கற்களின் முன்னே ஒரு பாடகர் குழு நிற்கும் காட்சியை எங்கள் குழுவில் ஒருவர் விவரித்தபோது எல்லோரும் வாயடைத்துப்போனோம். ஆனால் மறுநாள் அங்கே போய்க் கைதட்டிப் பார்த்தபோது, வெளியின் நடுவிலிருந்து எழுந்த ஒரு தட்டு, தள்ளியிருந்த மதில்களில் பட்டு இரண்டாகவும் மூன்றாகவும் திரும்பி வந்தது. அந்த வெளியில் மிருதங்கத்தோடு பாடுவதானால் ஒலிபெருக்கி கட்டியே ஆக வேண்டும். ஒலிபெருக்கி கட்டினால் எதிரொலியும் அதே அளவுக்குப் பெருகும். மதில்மேல் பாதுகாப்பு வேலி இல்லாத உயரமான பகுதிகளும் உண்டு. பாட்டுத் தொடங்கியதும் பிள்ளைகள் மேலே ஏறி நின்று பார்க்கத் தொடங்கினால், கீழே நிற்கும் ஏற்பாட்டாளரின் காதில் பாட்டு விழாது.

கோட்டையில் எனக்குப் பிடித்த இடம் அந்த வெளியன்று, வாயில். அகழியைக் கடந்து உள்ளே போகும் பாதை, மதிலின் தடிப்பினூடாக, வளைவுக் கூரையின் கீழ் ஒரு குகை போலச் செல்கிறது. அதற்குள் நின்று எங்களோடு வந்த பாட்டு ஆசிரியை ஒருவர், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மோகன ராகத்தில் தாரஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொட்டு நிறுத்தினார். அவர் வாய் மூடிய பிறகும் அந்தச் சுரம் கூரையிலிருந்து இறங்குவது போல ஒரு கணம் நின்றது. சுவர்கள் மிக அருகில் இருப்பதால் எதிரொலி தனியே பிரிந்து கேட்பதில்லை. குரலோடு சேர்ந்து அதைத் தடிக்கச் செய்கிறது. நிதானமான ஆலாபனை, விருத்தம், பல குரல்கள் சேரும் தேவாலயக் கீதம் ஆகியவற்றுக்கு அது வரப்பிரசாதம். துரித கால மிருதங்கம் அங்கே குழம்பாகிவிடும். ஒலிபெருக்கி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மேடை வேண்டாம். குறையென்றால், பொதுமக்கள் போய்வரும் வழியும் அதுவே. நாற்பது ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்தால் வழி அடைபடும். ஆகவே இருபது நிமிடப் பாட்டு, பத்து நிமிட இடைவெளி என்று பிரித்து, கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும்படி அமைக்க வேண்டும். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் ஓர் ஆணி அடிக்கவும், ஒரு பதாகை கட்டவும் அனுமதி தேவை. எதுவும் கட்டாத நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்பது எளிது என்பதும் வாயிலுக்குச் சாதகமான ஒன்று.

கோட்டை நிழற்படத்தில் அழகாக வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்ன நண்பரோடு நான் முழுதும் முரண்படவில்லை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்குக் காசு அனுப்புவார்கள் என்பது உண்மையான கணக்குத்தான். ஆனாலும் படம் பார்ப்பவருக்காக இடந்தேடினால், பக்கத்தில் நின்று கேட்க வேண்டியவரை மறந்துவிடுவோம்.

கடல்நீரேரியோரத்துப் பண்ணைக் கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மாலைக் காற்று வாங்க வரும் சனம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கச்சான் விற்பவரும் ஐஸ்கிறீம் வானும் இருக்கின்றன, நாங்கள் ஆள் சேர்க்க வேண்டியதில்லை. தடையாவது காற்று. காற்று வீசும் திசையில் ஒலி நிலத்தை நோக்கி வளைந்து தூரம் போகும். எதிர்த்திசையில் மேல்நோக்கி வளைந்து கேட்பவரின் தலைக்கு மேலால் போய்விடும். வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது, கலைஞர்கள் நீரேரிக்கு முதுகுகாட்டி அமர்ந்தால் பாட்டு நேரே சனத்திடம் வரும். மாசியில் மிச்சமிருப்பது வாடை. அது நிலத்திலிருந்து நீருக்குப் போகிறது. அதற்கு ஒத்துப்போவதென்றால் சனம் கடலுக்கு முதுகுகாட்டி, வீதியையும் வாகனங்களையும் பார்த்தபடி இருக்க வேண்டும். கடற்கரைக்கு வந்தவரை அப்படித் திருப்பி இருத்த எவராலும் முடியாது. பண்ணையை ஆனி, ஆடி மாதங்களுக்கு ஒத்திவைக்கலாம். அப்போதும் ஒலிவாங்கிக்குத் தடித்த பஞ்சுறை போடாவிட்டால் காற்றின் சீறல்தான் பெருகிக் கேட்கும்.

நூலக முன்றலைச் சொன்னவர்கள் நல்ல மனத்தோடு சொன்னார்கள். வெள்ளைக் கட்டடம், முன்னே சரஸ்வதி சிலை, அமைதி எல்லாம் உண்டு. ஆனால் 1959இல் திறக்கப்பட்டு, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முன்னே என்ன பாடினாலும் அது நினைவேந்தலாகிவிடும். நினைவேந்தல் நடத்துவதானால் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பொப் பாடல் பாடும் பையன்கள் அங்கே கூசிக் குறுகிப்போவார்கள். தவிர, உள்ளே வாசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்ய எங்களுக்கு உரிமையில்லை. ஆரியகுளத்தின் நடைபாதை பார்வைக்கு நன்றாக இருக்கிறது, சந்தியின் வாகன இரைச்சல் அதைக் கெடுக்கிறது. புல்லுக்குளத்தின் அருகே பண்பாட்டு மையம் வந்துவிட்ட பிறகு அந்தச் சூழல் மண்டபத்தின் நீட்சியாகிவிட்டது.

நல்லூர் யமுனா ஏரியை எங்கள் பட்டியலில் சேர்த்தவர் வயதில் மூத்தவர். சேர்க்காவிட்டால் நான் அந்த இடத்தை மறந்தே போயிருப்பேன். தமிழ் எழுத்தான ‘ப’ வடிவில், கற்படிகளோடு அமைந்த பழைய கேணி அது. இராசதானிக் காலத்தில் யமுனை நீரைக் காவடியில் கொண்டுவந்து அதில் சொரிந்ததாகக் கதை உண்டு. சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சின்னம்; ஆனால் அவற்றைப் பார்க்க வருபவர்களில் பலர் இதைக் காணாமலே போகிறார்கள். ஒரு பக்கம் அரசர் காலத்து எச்சம், சற்றுத் தள்ளிச் சென் ஜேம்ஸ் தேவாலயம், சுற்றிவர வீடுகள். நிலமட்டத்துக்குக் கீழே இறங்கும் கற்சுவர்கள் ஒலியை வெளியே சிந்தவிடாமல் திருப்பிவிடுகின்றன. நீரின் மேற்பரப்பும் ஒலியை விழுங்குவதில்லை. ஒரு படியில் இருந்து மெல்லப் பேசியதை எதிர்ப்படியில் இருந்தவர் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். வீணைக்கு நகரில் இதைவிட நல்ல இடம் இல்லையென்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

அடுத்த நிமிடமே குறைகளும் தெரிந்தன. ‘ப’ வடிவத்தால், கலைஞர் எந்தக் கையில் இருந்தாலும் மற்றக் கையில் இருப்பவருக்கு முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். இது சிலருக்குப் பிடிக்கலாம், முகம் பார்த்துத் தலையாட்டிப் பழகிய நம்மவர்களில் பலருக்குப் பிடிக்காது. படிகள் தேய்ந்து பாசி பிடித்தவை, கீழே நீர். இருட்டிய பிறகு முதியவர்களையும் சிறுவர்களையும் அங்கே இருத்தப் பெரிய துணிவு வேண்டும். விளக்குப் போட்டால் அழகு போய்விடும், போடாவிட்டால் ஆள் விழும். ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாகனம் நிறுத்த வசதியில்லை. தேவாலயத்தின் மாலை வழிபாட்டு நேரத்தையும், சுற்றிலும் குடியிருப்பவர்களின் சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கம் தற்செயலாக நடந்துபோகிறவர் எவருமில்லை. வருகிறவர் தெரிந்துகொண்டு வருகிறவர்தான். அதாவது, மண்டபத்துக்கு வரும் அதே எண்பது பேர். விடியற்காலை நிகழ்ச்சியாக, ஐந்தரை மணிக்குப் பூபாள ராகத்தில் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிப்பதானால் யமுனா ஏரியை நான் ஆதரிப்பேன். மாலைக்கு வேண்டாம். காலையானாலும் ஒலிபெருக்கி அங்கே கூடாது.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் கவனிக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. மற்ற நேரங்களுக்கும் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். எங்களுக்கு இரவு பத்து மணி ஒரு பொருட்டன்று. இரவு ஏழு தாண்டினால் உள்ளூர் மினி பஸ்கள் அருகிவிடும். பெண்களும் மாணவர்களும் திரும்பிப் போக ஓட்டோவுக்குக் காசு தேட வேண்டிவந்தால் அது இலவச நிகழ்ச்சியாகாது. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். பனி இறங்கத் தொடங்கினால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், முதியவர்கள் தலையை மூடிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஆகவே ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முன்னரே முடிப்பதென்று எல்லா இடங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டோம். நோன்பு மாதம் இந்தக் காலத்தோடு சேர்ந்து வரும் ஆண்டுகளில், நோன்பு திறக்கும் வேளைக்கு இடம்விட வேண்டும். பாடகர் குழுவோ, விபூதிப் புதனுக்குப் பிறகு தவக்காலத்தில் பாட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திகதியைத் தீர்மானித்துவிட்டு இவற்றை விசாரிப்பவர்கள் பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

இனிப் புகையிரத நிலையம். முதல் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது சிரித்தார்கள். 1902இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த புகையிரதம் 1990இல் நின்றுபோய், 24 ஆண்டுகள் கூரையிழந்து கிடந்த நிலையம் திரும்பக் கட்டப்பட்டு, 2014 ஒக்ரோபர் 13 அன்று மீண்டும் சேவை தொடங்கியது. அன்று வண்டி பார்க்கவென்றே சனம் கூடியது. அந்த இடத்துக்குச் சமயம் இல்லை, சாதி இல்லை, அழைப்பிதழ் இல்லை. கொழும்பிலிருந்து வரும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தகப்பன், பார்சல் எடுக்க வந்த கடைக்காரர், விடுமுறை முடிந்து திரும்பும் சிங்களச் சிப்பாய், அநுராதபுரத்துக்குப் போகும் வியாபாரி எல்லோரும் அங்கே ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: காத்திருக்கிறார்கள். பாட்டுக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

ஒலி என்று பார்த்தால் நிலையம் முதல் இடத்துக்கு வராது. அறிவித்தல்கள் மூன்று மொழிகளில் வரும், எஞ்சின் இரையும், வண்டி புறப்படும்போது ஊதும் ஊதல் எந்தச் சுருதிக்கும் அடங்காது. வண்டி வந்து நிற்கும் மேடையில் நடத்தினால் பயணிகளுக்கு இடைஞ்சல், பாதுகாப்பும் இல்லை. ஆகவே முன்றல்தான் பொருத்தம். அங்கே நிலையத்தின் முகப்புச் சுவரை முதுகுக்குப் பின்னே இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் வைத்துக்கொண்டு கலைஞர்கள் அமர்ந்தால், சுவர் அருகில் இருப்பதால் ஒலி முன்னே தள்ளப்படும், எதிரொலி பிரியாது. கைதட்டிப் பார்த்தபோது ஒரே தட்டுத்தான் கேட்டது. இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளை ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, முன்வரிசையை நோக்கிச் சாய்த்துவிட்டால் இருபத்தைந்து மீற்றர் வரைக்கும் போதும். திருவிழாவுக்குக் கட்டுவது போலப் பெட்டிகளை அடுக்கினால் அறிவித்தல் கேளாமல் யாராவது வண்டியைத் தவறவிடுவார்கள், அத்தோடு எங்கள் கதை முடிந்துவிடும். கால அட்டவணையில் வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பார்த்து, அதற்குள் அடங்கும்படி பகுதி பகுதியாகப் பாட வேண்டும். வண்டி பிந்தினால் பாட்டை நீட்டலாம், கேட்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

மற்ற வசதிகளில் நிலையத்துக்கு நிகர் இல்லை. வெளிச்சம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மழை தூறினால் ஒதுங்கக் கூரை இருக்கிறது. மின்சாரத்தை அங்கேயே பெற முடிந்தால் லைற் மிசின் என்கிற மின்பிறப்பாக்கி பிடிக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விடயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் உதவியாளாக நின்ற ஒரு வெளியரங்க நிகழ்ச்சியில், வாடகைக்குப் பிடித்த லைற் மிசினை மேடைக்குப் பின்னாலேயே இறக்கிவிட்டார்கள். வயலின்காரர் சுருதி சேர்க்கக் காதை வயலினோடு ஒட்டவைத்துக்கொண்டு இருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றரை மணி நேரமும் சபையில் இருந்தவர்கள் கேட்டது டீசல் எஞ்சினின் இரைச்சலைத்தான். அதை அறுபது மீற்றர் தள்ளி, ஒரு கட்டடத்தின் மறைவில் வைத்திருந்தால் போதுமாயிருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய நீள வயர் யாரிடமும் இருக்கவில்லை.

நிலையத்தில் பெரிய தடை அனுமதி. நிலைய அதிபர் இன்முகத்தோடு பேசினாலும் கடிதம் புகையிரதத் திணைக்களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். மாநகர சபை, பொலிஸ் ஆகியவற்றுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டு மாதமாவது ஒதுக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறோம். கோட்டை வாயிலுக்கும் கடிதம் வேண்டுமென்றாலும், அங்கே கட்டுவதற்கும் பூட்டுவதற்கும் எதுவும் இல்லாததால் கேள்விகள் குறைவு.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபோது, மூன்று மாலைகளையும் ஒரே இடத்தில் நடத்துவது அல்லது மூன்று புதிய இடங்களைக் காட்டுவது என்ற இரண்டு யோசனைகளையும் நான் ஏற்கவில்லை. விபூதிப் புதனுக்கு முன்னே வரும் ஒரு சனிக்கிழமை, கோட்டை வாயிலில், ஒலிபெருக்கி இல்லாமல், பாடகர் குழுவும் விருத்தமும் ஆலாபனையும். பங்குனியில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து புகையிரத நிலைய முன்றலில் வீணை, வயலின், மிருதங்கம், பொப் பாடல்கள். இரண்டு கிழமை தொடர்ந்து ஒரே இடத்தில் நடந்தால்தான், முதல் கிழமை பையோடு நின்று கேட்டுவிட்டுப் போனவர் அடுத்த கிழமை வீட்டாரையும் கூட்டிவர வழியிருக்கும். நான்கில் மூன்று பேர் இதற்கு இணங்கினார்கள். கோட்டை வெளியை விரும்பிய நண்பர் இன்னும் இணங்கவில்லை; படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

கடிதங்களை எழுதுவதற்கு முன் ஓட்டோத் தரிப்பிடத்தில் இருப்பவர்களிடம் பேசிவிடுவது நல்லதென்று போனோம். முன்றல் யாருடையது என்று காகிதத்தில் எப்படி இருந்தாலும், நாள்தோறும் அதைப் பாவிப்பவர்கள் அவர்கள்தான். அங்கிருந்தவர்களில் மூத்தவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “பாட்டு நடக்கட்டும் தம்பியவை. ஆனா ரெயின் வந்து சனம் இறங்கேக்க எங்கட வழியை மறிக்கக் கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார். ஒத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கயிறு கட்டுவது என்று அவரையே கேட்டு, சோக்கட்டியால் நிலத்தில் கோடும் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பின்னாலிருந்து கூப்பிட்டு, “தவில் இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது ஐயா என்று சொல்லிவிட்டு வந்தோம். அதுவரை எங்கள் பட்டியலில் தவில் இருக்கவில்லை.